கில்லாடி டிரைவர் என்று யாரையும் புகழாதீர்கள்



நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பென்ஷன், முழங்கால், சர்க்கரை என்று பேச்சு போகும். அதற்கு நடுவே யாராவது ஒருவர், "நேத்து கால் டாக்சி போட்டேன் சார், தேரடியிலேர்ந்து சென்ட்ரலுக்கு இருபதே நிமிஷம். பையன் கில்லாடி, லாரிக்கு நடுவுல பூந்து பூந்து வந்தான்" என்று சொல்வார். மற்றவர்களும் தலையாட்டிச் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. படித்துவிட்டுச் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும்.

வேகமாக ஓட்டத் திறமை வேண்டாம். வலது கால் ஒன்று இருந்தால் போதும். மிதித்தால் வண்டி போகும். அது என்ஜின் செய்தவன் திறமை. ஓட்டுகிறவன் திறமை என்பது எங்கே காலை எடுக்க வேண்டும் என்று தெரிவதில் இருக்கிறது. அதைச் செய்கிறவனை நாம் "சரியான மாட்டுவண்டி" என்று கேலி செய்கிறோம். மற்றவனுக்குக் கில்லாடிப் பட்டமும் பத்து ரூபாய் டிப்ஸும் கொடுக்கிறோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் டிரைவரை 'ஷோஃபேர்' என்பார்கள். சென்னையில் பெரிய வீட்டுக்காரர்கள் 'சோஃபர்' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் 'சூடேற்றுகிறவன்'. நீராவி என்ஜினுக்குத் தீ மூட்டுகிற ஆளுக்கு வைத்த பெயர், பிறகு கார் ஓட்டுகிறவனுக்கு வந்தது. 1856-ல் நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியபோது அப்படி ஒரு ஆள் கரி அள்ளிப் போட்டிருப்பான். இன்றைக்குக் கரியும் இல்லை, பாய்லரும் இல்லை. சூடேறுவது பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் வயிறுதான்.

நம் பகுதிச் சாலையை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். அதற்கும் மேலே காட்டுப்பள்ளி. நடுவில் மணலி சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். இவை எல்லாவற்றுக்கும் போகிற கன்டெய்னர் டிரெய்லரும் டேங்கரும் நாம் மருந்து வாங்கப் போகிற அதே சாலையில்தான் ஓடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை, வண்டி செய்கிற ஊரே நம் ஊர்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். வண்டி செய்து நாட்டுக்குக் கொடுத்த ஊருக்கு, அந்த வண்டிக்குத் தப்பி நடக்க ஒரு ஒழுங்கான நடைபாதை கிடைக்கவில்லை.

டிரெய்லரைப் பற்றி இரண்டு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்த டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கேபினுக்கு இடப்பக்கம் ஒட்டி வருகிற காரோ, ஸ்கூட்டரோ அவன் கண்ணில் படாது. இரண்டு, டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் தாண்டிவிட்டது என்று நினைத்து இடுக்கில் நுழைகிறவன் பின் சக்கரத்துக்குத்தான் போகிறான். "பூந்து பூந்து வந்தான்" என்று நாம் ரசிக்கிற வித்தை நடப்பது சரியாக அந்த இரண்டு இடத்தில்தான்.

சில மாதங்களுக்கு முன் விடியற்காலை ரயிலுக்காக நானும் என் மனைவியும் ஒரு செயலி மூலம் டாக்சி வரவழைத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், நல்ல மரியாதையான பிள்ளை. எண்ணூர் விரைவுச் சாலை ஏறியதும் ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங். கடலோரம் வரிசையாக நிற்கிற லாரிகள், பின்னால் ஒளிபட்டை கூடக் கிடையாது. காசிமேடு நெருங்கும்போது இரண்டு டிரெய்லருக்கு நடுவே வண்டியை விட்டான். என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அச்சு பதிந்துவிட்டது.

"தம்பி, ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மெதுவாப் போப்பா" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது சார், டெய்லி ஓட்ற ரோடு" என்றான்.

"டெய்லி ஓட்றவங்க பேருதான் தம்பி நான் பைலில் எழுதினது எல்லாம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். கட்டினான். எப்போது தூங்கினாய் என்று கேட்டேன். முதல் நாள் மத்தியானம் வண்டி எடுத்தவன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. "இன்னும் ரெண்டு டிரிப் அடிச்சா இன்சென்டிவ் சார். அது வந்தாதான் டியூ கட்ட முடியும்." கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் டீ குடித்தோம். மீதித் தூரத்தை ஒழுங்காக ஓட்டினான். ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.

பைல் என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பணிக்காலத்தில் சில ஆண்டுகள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகளைக் கையாளும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். எல்லாக் கட்டிலும் ஒரே வாசகம் வரும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." தேதியும் இடமும் மட்டும் மாறும். தாலுகா ஆபீஸ் கட்டில் 'மேற்படியான்' வருகிற மாதிரி அந்த வாசகம் வந்துகொண்டே இருக்கும். கீழே மனுதாரர் என்று ஒரு விதவையின் கைநாட்டு.

அந்தக் கணக்கு எப்படிப் போடுவார்கள் தெரியுமா? இறந்தவரின் ஆண்டு வருமானம் எடுத்துக்கொள்வார்கள். அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழிப்பார்கள். மீதியை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது. இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த எண் 18. 61 முதல் 65 வயது வரை 7. 66 முதல் 70 வரை 5. கில்லாடி டிரைவரைப் புகழ்கிற நம் நண்பர்கள் தங்கள் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

இப்போது வேறொரு கணக்கு. தேரடியிலிருந்து பாரிமுனை சுமார் 10 கிலோமீட்டர். தடையே இல்லாத சாலை என்று வைத்துக்கொண்டாலும் 40 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம், 60-ல் 10 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். சிக்னலும் டிரெய்லரும் இருக்கிற நிஜச் சாலையில் அதுவும் கிடைக்காது. அடுத்த சிக்னலில் நீங்களும் உங்களுக்குப் பின்னால் வந்த 'மாட்டுவண்டி'யும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பீர்கள். இந்த 5 நிமிடத்துக்கு என்ன விலை? 80-ல் போகிற வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடும். 40 அடிக் கன்டெய்னர் 12 மீட்டர். டிரைவர் எதிரே ஆளைப் பார்த்துக் காலை பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே கிட்டத்தட்ட இரண்டு கன்டெய்னர் நீளம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இது எட்டாம் வகுப்புப் பாடம்.

சரி, டிரைவர்தான் குற்றவாளியா? முழுக்க இல்லை. அந்தப் பையனை ஓட்டுகிற கணக்கு வேறு இடத்தில் போடப்படுகிறது. இத்தனை டிரிப்புக்கு இத்தனை ரூபாய் என்று எவன் திட்டம் போட்டானோ அவனும் அந்த ஸ்டியரிங்கில் ஒரு கை வைத்திருக்கிறான். 2020 நவம்பரில் மத்திய அரசு செயலி டாக்சிகளுக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஒரு ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பிறகு 10 மணி நேரம் கட்டாய ஓய்வு என்று அதில் இருக்கிறது. எங்களை ஏற்றிய பையனுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு செயலியை மூடினால் இன்னொரு செயலியைத் திறந்துகொள்ளலாம், கேட்பார் யார்?

இந்த நிறுவனங்களைக் கேட்டால், நாங்கள் பயணியையும் ஓட்டுநரையும் சேர்த்துவைக்கிற தரகர்தான் என்கிறார்கள். கல்யாணத் தரகர் கூட மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பார். வண்டி எந்தத் தெருவில், எந்த வினாடியில், என்ன வேகத்தில் போகிறது என்பது அந்தப் போனுக்குத் தெரியும். மழை பெய்தால் அந்த நிமிடமே கட்டணத்தை ஏற்றத் தெரிகிறவர்களுக்கு, 80-ல் போகிறவனுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பத் தெரியாதா? தெரியும். அதில் காசு இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டோவுக்கு வந்தால் அரசாங்கமும் பங்காளி. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதன்பின் பெட்ரோல், டயர், அரிசி, பள்ளிக்கூட பீஸ் எது அப்படியே நின்றது? ஆண்டுக் கணக்கில் அந்தக் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு, ஷேர் ஆட்டோக்காரன் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு பறக்கிறான் என்று நாம் புலம்புகிறோம். டிரெய்லர்காரனுக்கும் இதே கதைதான். துறைமுக வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தவன், வெளியே வந்ததும் இழந்த நேரத்தைச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறான். அந்த லாரிகளை நகரச் சாலையிலிருந்து எடுக்கத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல். ஒரே சாலைக்கு இரண்டு அடிக்கல். நடுவில் 13 ஆண்டுகள்.

இவ்வளவும் சொன்னால் சிலர் கடைசி அஸ்திரத்தை எடுப்பார்கள். பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போய் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தவர்கள்தான் இதில் முதல் வரிசை. "அங்கெல்லாம் ஒழுங்கு ரத்தத்துல ஊறினது சார். நம்ம ஜனங்க திருந்தாது." இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற பேச்சு.

நானும் போயிருக்கிறேன். பாரிஸில் என் பெரியப்பா மகன் அறுபதுகளிலேயே குடியேறிவிட்டவர். ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டில் சில வாரங்கள் தங்கினேன். நான் ஏறிய டாக்சிக்காரர் கோடு போட்ட இடத்தில் ஒரு கிழவிக்காக வண்டியை நிறுத்தி, அவர் நிதானமாகக் கடந்து போகும் வரை காத்திருந்தார். நான் வியந்துபோய்ச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "தம்பி, நான் இங்க வந்த புதுசுல டாக்சியில ஏறினா மாதாவை வேண்டிக்கிட்டுதான் ஏறுவேன். எத்துவால் வளைவை இவனுங்க சுத்துற சுத்துல எனக்கு வாந்தி வந்துடும்." பன்னிரண்டு சாலைகள் வந்து சேர்கிற வட்டம் அது. அன்றைய பாரிஸ் டாக்சிக்காரனும் நம் கில்லாடிகளுக்கு அண்ணன்தான்.

அண்ணன் மிகைப்படுத்தவில்லை. 1972-ல் பிரான்ஸில் சாலை விபத்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு 1973 மே 17 அன்று, தெற்கே மசாமே என்ற சிறிய ஊரில் ஒரு காரியம் செய்தார்கள். அந்த ஊர் மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. ஊர் மக்கள் வீட்டைவிட்டு வந்து தெருவில் பிணம் போலப் படுத்தார்கள். ஒரு வருஷத்தில் நாடு இழந்தது இத்தனை பேரை, அதாவது ஒரு முழு ஊரை, என்று தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதே ஆண்டு வேகக் கட்டுப்பாடு வந்தது, ஊருக்கு வெளியே முன் சீட்டில் பெல்ட் கட்டாயமானது. 1978-ல் எந்தச் சாலையிலும் நிறுத்தி மதுச் சோதனை செய்யச் சட்டம். 1990-ல் ஊருக்குள் 50 கிலோமீட்டர்தான் என்றார்கள். 1992-ல் தவறு செய்யச் செய்ய லைசென்ஸில் புள்ளி குறையும் முறை. அப்போது லாரிக்காரர்கள் நாடு முழுக்கச் சாலையை மறித்தார்கள். ஆனாலும் முறை நின்றது. 2003-ல் தானாகப் படம் பிடிக்கும் ரேடார். 2021 முதல் பாரிஸ் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர்தான்.

பலன்? 2022-ல் பிரான்ஸின் பிரதான நிலப்பகுதியில் இறந்தவர்கள் 3,267 பேர். அதே 2022-ல் நம் தமிழ்நாட்டில் 17,884 பேர். நம்மைவிடச் சற்றே குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு அது. அதாவது 1972-ல் பிரான்ஸ் எங்கே நின்றதோ, அங்கே நாம் நிற்கிறோம். அவர்கள் ரத்தம் மாறவில்லை நண்பர்களே. சட்டம் மாறியது, அந்தச் சட்டம் நிஜமாகவே அமலானது. அவன் மந்திரிக்கு வேண்டியவன், இவன் யூனியன் தலைவர் என்று விட்டுக்கொடுக்கவில்லை. ரத்தத்தைக் காரணம் சொல்வது நம் சோம்பேறித்தனத்துக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் மெடிக்கல் சர்டிபிகேட்.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. சென்னையில் 2023 நவம்பரில் வேக வரம்பு அறிவித்தார்கள்: கார் 60, கனரக வண்டி 50, ஆட்டோ 40, குடியிருப்புத் தெருவில் எல்லோருக்கும் 30. டாக்சிகளில் 80-க்கு மேல் போகாதபடி வேகக் கருவி இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல், விலை உயர்ந்த காரில். நம் டாக்சிகளிலோ, அந்தப் பெல்ட் மாட்டும் கொக்கியைத் தேடினால் அது சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அழகாக இருக்கட்டும் என்று உயிர் காக்கும் பொருளை மூடித் தைத்திருப்பார்கள்.

நம்மூர் அரசைப் பாராட்ட வேண்டியதும் ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். ஆனால் அது அடிபட்ட பிறகு. அடிபடாமல் இருக்கச் செலவு இதைவிடக் குறைவு.

"எல்லாம் தலையெழுத்து சார், போற நேரம் வந்தா வீட்டுக்குள்ளயும் போகும்" என்று ஒரு நண்பர் சொல்வார். அவர் தினமும் மறக்காமல் பிரஷர் மாத்திரை போடுகிறவர். தலையெழுத்துக்கு மாத்திரை உண்டு, பெல்ட் மட்டும் கிடையாதா?

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். வண்டியில் ஏறினதுமே, வண்டி நகருவதற்கு முன், "தம்பி, எனக்கு அவசரமில்லை, நிதானமாப் போ" என்று சொல்லுங்கள். ஓடும்போது சொன்னால் அது சண்டை. ஏறும்போது சொன்னால் அது ஏற்பாடு. சீட் கவரைத் தூக்கிக் கொக்கியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறங்கிவிடுங்கள். கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம்தானே மிச்சம். முடிந்த இடத்துக்கு மெட்ரோவில் போங்கள். 2021-லிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது, அங்கே யாரும் டிரெய்லருக்கு நடுவே நுழைவதில்லை. வேகமாக ஓட்டியவனுக்கு ஐந்து நட்சத்திரம் போடாதீர்கள். நிதானமாக ஓட்டியவனுக்குப் போட்டு, காரணத்தையும் எழுதுங்கள். அவனுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்.

நிறுவனங்கள் டிரிப் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தி, 12 மணி நேர விதியை நிஜமாக்க வேண்டும். அரசு ஆட்டோ கட்டணத்தைக் காலத்தோடு திருத்த வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் ரேடார் வைக்க வேண்டும். ஒளிபட்டை இல்லாமல் இருட்டில் நிற்கிற லாரிகளை அப்புறப்படுத்த வேண்டும். பிரான்ஸ் இதையெல்லாம் செய்து முடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. நம்மில் பலருக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆனால் அந்த டாக்சிப் பையனுக்கு இருக்கிறது. அவனுடைய எண் 18. அதை எந்தக் கட்டிலும் எந்த எழுத்தரும் எழுத வேண்டாம்.